கெண்டைக்காலும் சிமெண்ட் டப்பாவும்

காலின் பின்புறத் தசையைக் கெண்டை மீனோடு ஒப்பிட்டுக் 'கெண்டைக்கால்' என்கிறது தமிழ். மராத்தி அதனைப் 'போட்டரி' என்கிறது. வயிற்றைக் குறிக்கும் 'போட்' என்னும் சொல்லோடு இது ஒப்புநோக்கத் தக்கது. உடற்கூற்றியலில் வழங்கும் 'காஸ்ட்ரோக்னீமியஸ்' என்பதும் கிரேக்கத்தில் 'காலின் வயிறு' என்றே பொருள்படும். திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த தமிழர்களும் மராத்தியரும் அண்டை வீட்டாராக வாழும் தாராவிப் பகுதியில், மாட்டுங்கா லேபர் கேம்பில், இவ்விரு சொற்களும் அருகருகே புழங்குகின்றன.

இத்தசையை வலுப்படுத்தும் கருவிகளின் வரலாறு பெரும்பாலும் இயந்திரங்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. சுவீடன் மருத்துவர் குஸ்தாவ் சாண்டரின் பயிற்சி இயந்திரங்கள் 1876இல் பிலடெல்பியா கண்காட்சியில் வைக்கப்பட்டன. இந்திய மரபிலிருந்து ஏட்டில் இடம்பெற்றவர்கள் புகழ்பெற்ற மல்லர்கள். காமா பயில்வான் பைட்டக் பயிற்சியில் பயன்படுத்தியதாகக் கூறப்படும் 95 கிலோ எடையுள்ள வளையம் பாட்டியாலா விளையாட்டு நிறுவன அருங்காட்சியகத்தில் உள்ளது. தமிழர் 'பஸ்கி' என்று வழங்கும் பயிற்சியோடு ஒத்த பைட்டக்கில், உடல் தாழும்போது குதிகால் மேலெழும். ஆகவே தொடையோடு கெண்டைக்காலும் உழைக்கிறது.

இயந்திரத்திற்குப் பணமும், அதை வைக்க இடமும் இல்லாத தொழிலாளர் வீடுகளில் அதே தத்துவம் வேறு உருக்கொள்கிறது. தேவை இரண்டே: முன்பாதம் ஊன்ற ஓர் உயரமான விளிம்பு, மேலே ஒரு பாரம். படிக்கட்டோ செங்கல்மேல் வைத்த பலகையோ விளிம்பாகும். தகர டப்பாக்களில் சிமெண்ட் ஊற்றி, இரும்புக் குழாயின் இரு முனைகளிலும் பொருத்தினால் பாரம் ஆயத்தம். குதிகாலை விளிம்பிற்குக் கீழே இறக்கி மெதுவாக உயர்த்த வேண்டும். முழங்கால் நிமிர்ந்திருந்தால் மேற்புறக் கெண்டைச்சதை முழுமையாக இயங்கும். அமர்ந்து, மணல் மூட்டையைத் தொடைமேல் முழங்காலருகே வைத்து உயர்த்தினால் அடியிலுள்ள 'சோலியஸ்' தசையே பெரும்பங்கு உழைக்கும்.

லேபர் கேம்பின் வாழ்வு பாபுராவ் பாகுலின் வழியாக மராத்தி தலித் இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. அங்குள்ள உடற்பயிற்சிப் பொருள்களுக்கு அத்தகைய ஏடு இல்லை. மல்லரின் வளையம் அருங்காட்சியகத்திற்குச் செல்கிறது. தொழிலாளியின் குழாயோ பழைய இரும்புக் கடைக்குச் செல்கிறது. தாராவி மறுசீரமைப்பில் வீடுகள் இடம்பெயரும்போது முதலில் கைவிடப்படுபவை இத்தகைய கனமான, விலையற்ற பொருள்களே. அவற்றின் அளவையும் செய்முறையையும், அவற்றுக்கு மக்கள் இட்ட பெயர்களையும் இப்போதே பதிவு செய்யாவிட்டால், உழைக்கும் உடலின் வரலாற்றில் வேலை மட்டுமே எஞ்சும். அவ்வுடல் தன் விருப்பத்திற்காகத் தேடிக்கொண்ட வலிமை விடுபட்டுப் போகும்.