உல்லாசக் கப்பலில் ஒரு பத்திரிகையாளர்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் கடற்படைக்குப் பணியாற்றிய 'குவேக்கர் சிற்றி' என்னும் நீராவிக் கப்பல், 1867 ஜூன் மாதம் நியூயோர்க்கிலிருந்து உல்லாசப் பயணிகளை ஏற்றிப் புறப்பட்டது. ஐரோப்பாவையும் புனித பூமியையும் சுற்றி நவம்பரில் திரும்பியது. கட்டணம் 1,250 டொலர். வசதிபடைத்தோர் நிறைந்த அக்கப்பலில் மார்க் ட்வைனும் இருந்தார். அவருக்கான கட்டணத்தைச் செலுத்தியது சான்பிரான்சிஸ்கோவின் 'அல்டா கலிபோர்னியா' பத்திரிகை.

பயணிகள் பலர் ஆர்வத்தோடு நாட்குறிப்பு எழுதத் தொடங்கி, விரைவிலேயே சலித்துக் கைவிட்டதை ட்வைன் கேலியாகப் பதிவு செய்துள்ளார். அவரோ துறைமுகந்தோறும் கண்டவற்றைக் கடிதங்களாக எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினார். சக பயணிகளின் போலிப் பக்தியையும் அவர் விட்டுவைக்கவில்லை, சிலர் சினந்தனர். அக்கடிதங்களே 1869இல் நூலாயின.

உல்லாசம் பயணத்தோடு முடிந்தது. சினந்தவர்களையும் இன்று நாம் அறிவது, அவர்கள் வெறுத்த அந்த எழுத்தின் வழியாகவே.