எண்ணும்மை

'உம்' என்னும் இடைச்சொல் எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம் என எட்டுப் பொருளில் வரும் என்று தொல்காப்பியம் இடையியலில் வகுத்துரைக்கிறது. அவற்றுள் எண்ணுப்பொருளில் வருவதே எண்ணும்மை.

எண்ணிய யாவும் ஒருங்கே வேண்டும் என்னும் இதன் கண்டிப்பைப் போடிநாயக்கனூரில் ஏலக்காய் தரம் பிரிக்கும் இடத்தில் பிரத்தியட்சமாகக் காணலாம். அக்மார்க் விதிப்படி 'ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு' என்ற பட்டம் பெற, காய்க்கு 7 மில்லிமீட்டர் பருமனும் லிட்டருக்கு 435 கிராம் எடையும் வேண்டும். சல்லடையில் கம்பீரமாகத் தங்கிய காயானாலும், உள்ளே விதை வற்றிப் பொக்காக இருந்தால், பருமன் ஒன்றைக் காட்டி அப்பட்டத்தைக் கோர இயலாது.

மிகச் சிறந்த தீர்வு தேடும் கணித சாஸ்திரமாகிய லீனியர் புரோகிராமிங்கில் இத்தகைய நிபந்தனைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாலே போதும். இடையில் 'உம்' தொக்கு நிற்கும். நம் இலக்கணிகள் கண்டிருந்தால் உம்மைத்தொகை என்றே சொல்லியிருப்பார்கள்! ஆனால், இரண்டும் நிறைவேறினவா என்பதையே ஒரு மாறியாக்க வேண்டுமெனில், தொக்கதை விரித்தாக வேண்டும். பருமனுக்கும் எடைக்கும் பட்டத்துக்கும் தனித்தனியே 0 அல்லது 1 என்று எண் கொடுத்து, பட்டத்தின் எண் மற்ற இரண்டில் எதையும் மிஞ்சலாகாது, அவற்றின் கூட்டுத்தொகையில் ஒன்றைக் கழித்ததற்குக் குறையவும் ஆகாது என்று எழுதுவார்கள். 1854-இல் கணிதவியலாளர் ஜார்ஜ் பூல் இதே உறவைப் பெருக்கலாகவே எழுதிக் காட்டினார். மாறியை மாறியால் பெருக்க லீனியர் முறை இடங்கொடாமையால்தான் இத்தனை சுற்றுவழி.