தாய்ப்பூச்சியின் தேர்வு

சோளக் கொல்லையோடு பழகிய நேயர்கள் தண்டுத் துளைப்பானை அறியாதிருக்க இயலாது. இளம்பயிரின் நடுக்குருத்து திடீரென வாடும். பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். வைக்கோல் நிற அந்துப்பூச்சி ஒன்று இரவில் வந்து, இலைமீது மீன் செதில்போல் அடுக்கடுக்காக இட்டுச் சென்ற முட்டைகளின் விளைவு அது. முட்டையினின்று வெளிப்படும் புழு முதலில் குருத்திலையைச் சுரண்டும். பின்னர்த் தண்டுக்குள் புகுந்துகொள்ளும். புகுந்த புழுவை மருந்து எளிதில் எட்டாது. ஆகவே தாய்ப்பூச்சி எந்தச் செடியைத் தேடிச் செல்கிறது என்பது உழவனுக்கு உயிர்நாடியான கேள்வியாகும்.

ஆசியாவுக்குரிய இப்பூச்சியை 1885-இல் அறிவியல் முறையில் விவரித்தவர், இந்தியாவில் படைப்பணி புரிந்த கர்னல் சார்லஸ் ஸ்வின்ஹோ. 1930-இல் அது ஆப்பிரிக்காவில், இன்று மலாவி எனப்படும் நாட்டில், தென்பட்டது. பின்னர்க் கிழக்கு ஆப்பிரிக்கா எங்கும் பரவிற்று. அங்கு மக்காச்சோளமே ஏழை எளியோரின் அன்றாட உணவு. ஏற்கெனவே உள்நாட்டுத் துளைப்பான் ஒன்றால் நலிந்திருந்த பயிருக்கு இவ்விருந்தாளியும் வந்து சேர்ந்தது.

பழியோ வயலோரக் காட்டுப் புற்களின்மீது விழுந்தது. அறுவடைக்குப்பின் பூச்சிகள் புற்களில் ஒதுங்கிப் பெருகுகின்றன, ஆதலால் அவற்றை அழித்துவிட வேண்டும் என்பதே நெடுங்காலம் கூறப்பட்டுவந்த அறிவுரை. காதுக்குப் பொருத்தமாகத்தான் ஒலித்தது. ஆனால் புல்லில் இட்ட முட்டைகள் என்னவாயின என்று பொறுமையுடன் எண்ணிப் பார்த்தவர் சிலரே.

அந்த எண்ணிக்கை 1990-களில் கென்யாவில் நடைபெற்றது. 1970-இல் தாமஸ் ஒடியாம்போ நைரோபியில் நிறுவிய பன்னாட்டுப் பூச்சி ஆய்வு மையத்தைச் சேர்ந்தவரும் நம் நாட்டில் பிறந்தவருமான ஜியாவுர் கான், விக்டோரியா ஏரிக்கரையில் பலவகைப் புற்களைச் சோதித்தார். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்து ஜான் பிக்கெட் குழுவினர் துணைநின்றனர். மக்காச்சோளமும் நேப்பியர் புல்லும் அருகருகே இருந்தால் பூச்சி புல்லையே மிகுதியும் நாடுவதைக் கண்டனர். அந்தி சாய்ந்ததும் அப்புல் பச்சிலை மணத்தை மிகுதியாக வெளிவிடுகிறது. முட்டையிட இடந்தேடும் தாயை அம்மணம் அழைக்கிறது. ஆயினும் பொரித்த புழு தண்டைத் துளைக்க முயன்றால், புல் சுரக்கும் பிசினில் சிக்கிக்கொள்கிறது. பெரும்பாலான புழுக்கள் பிழைப்பதில்லை. தாய்க்கு இனித்த இடம் சேய்க்கு இடுகாடாயிற்று!

நேப்பியர் என்பதும் ஒரு கர்னலின் பெயரே. புலவாயோ நகரத்தவரான அவர் இப்புல்லைத் தீவனமாக வளர்க்கலாம் என்று எடுத்துரைத்தவர். பூச்சிக்கு ஒரு கர்னல், புல்லுக்கு ஒரு கர்னல்! நமது வெட்டிவேரும் இவ்வாறே பூச்சியை ஈர்த்துப் புழுவை மாய்க்கிறது எனத் தென்னாப்பிரிக்க ஆய்வாளர் பின்னர்க் கண்டனர்.

வயலைச் சுற்றி நேப்பியர், பயிரின் இடையே தன் மணத்தால் பூச்சியை விரட்டும் டெஸ்மோடியம் என்ற பயறுவகைச் செடி: இவ்வாறு ஒரு சாகுபடி முறை உருவாயிற்று. ஆங்கிலத்தில் இதன் பெயர், அலுவலகக் கதவுகளில் நாம் காணும் ‘தள்ளு, இழு’ என்பதே. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் ‘விரட்டி ஈர்த்தல்’ என்போம். டெஸ்மோடியம் சுடுமல்லிக் களையையும் அடக்கியது உழவர் எதிர்பாராது பெற்ற ஊதியம். பின்னாளில் நேப்பியரை ஒரு குட்டை நோய் தாக்கிற்று. வறண்ட இடங்களுக்குப் பிராக்கியாரியா என்ற வேறு புல்லைத் தேர்ந்தனர்.

2011-இல் வெளியான ஆய்வொன்று இன்னும் வியப்பானது. நாட்டு மக்காச்சோள வகைகள் சிலவற்றின்மீது இந்த அந்துப்பூச்சி முட்டையிட்டதுமே, அப்பயிர்கள் தனி மணமொன்றை வெளியிட்டு, முட்டையையும் புழுவையும் அழிக்கும் சிறு குளவிகளை வரவழைத்தன. உடன் வைத்துச் சோதித்த வணிகக் கலப்பின வகைகளிடம் அவ்வழைப்பு எழவில்லை.