துணிகர முதலீட்டு நிறுவனத்தில் உயிரியல் விஞ்ஞானிக்கு என்ன வேலை?

உயிரியலில் முனைவர் பட்டம் வாங்கியாச்சு, ஆய்வுக்கூட வேலைதான் கிடைக்கவில்லையா? கிள்ளான் பள்ளத்தாக்கில் உங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு.

துணிகர முதலீடு என்றால்?
புதிய நிறுவனங்களில் பங்கு வாங்கி, அவை வளர்ந்தபின் விற்று லாபம் பார்ப்பது. இங்கு எம்டிடிசி 1992-இலும் மாவ்கேப் 2001-இலும் தொடங்கப்பட்டன. அமெரிக்காவின் பர்ரில் நிறுவனத்தோடு சேர்ந்து, உயிர் அறிவியலுக்கென்றே ஒரு நிதியையும் எம்டிடிசி நடத்தியது.

அங்கே விஞ்ஞானி எதற்கு?
"எங்கள் மருந்து கட்டியைக் கரைக்கிறது" என்று ஒரு நிறுவனம் பணம் கேட்கிறது. சோதித்தது எலியிலா, மனிதரிலா? எத்தனை பேரிடம்? காப்புரிமை யார் பெயரில்? இதையெல்லாம் கேட்கத் தெரிந்தவர் வேண்டும். நிதிக் கணக்கைப் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

வருமானம்?
ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடு நிர்வாகக் கட்டணம், லாபத்தில் 20 விழுக்காடு. உலகெங்கும் நிதியை நடத்துபவர்களுக்கான வழக்கம் இதுதான். சம்பளம் கட்டணத்திலிருந்து வரும். லாபப் பங்குக்குப் பல ஆண்டுகள் காத்திருக்கணும். நிதியின் ஆயுள் சுமார் 10 ஆண்டு. ஒரு மருந்து சந்தைக்கு வரவே 10 முதல் 15 ஆண்டாகலாம். ஆகவே, மருந்து வெளிவருமுன்பே பங்கை விற்க வேண்டியிருக்கும்.

எப்படி நுழைவது?
இடங்கள் ரொம்பக் குறைவு. மலாயாப் பல்கலைக்கழகம், புத்ரா பல்கலைக்கழகம் ஆகியவற்றில் ஆய்வை வணிகமாக்கும் பிரிவுகள் உள்ளன. அங்கோ, பயோஇகானமி கார்ப்பரேஷனிலோ, சிறிய ஸ்டார்ட்-அப்பிலோ முதலில் அனுபவம் பெறுங்கள்.

இன்றே செய்யக்கூடியது ஒன்று: உங்கள் துறையில் ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, அதில் பணம் போடலாமா, கூடாதா என்று காரணங்களோடு இரண்டு பக்கம் எழுதிப் பாருங்கள். நேர்முகத் தேர்வுக்குப் பட்டத்தோடு அதையும் கொண்டு போங்கள்.