பலபடிக வைர வெட்டுக்கருவி

பலபடிக வைர வெட்டுக்கருவி (பிசிடி) என்பது, மிகை அழுத்தத்திலும் வெப்பத்திலும் கோபால்ட்டின் துணையுடன் பிணைக்கப்பட்ட வைரத் துகள்களின் மெல்லிய அடுக்கை வெட்டுமுனையாகக் கொண்ட கருவி. கார்பைடு அடித்தளத்தின் மேல் அமையும் இது 1970களில் தொழிற்சாலைகளுக்கு வந்தது. மின்வாகனங்களின் மோட்டார் கூடு, இன்வெர்ட்டர் பெட்டி போன்ற அலுமினிய வார்ப்புகளைக் கடைவதில் இது முதன்மையானது.

மென்மையான அலுமினியத்துக்கு வைரம் மிகை என்ற வாதம் வார்ப்புக் கலவையைக் கருத்தில் கொள்வதில்லை. ஏ356 என்ற அலுமினிய வார்ப்புக் கலவையில் சுமார் 7 விழுக்காடு சிலிக்கான் உண்டு. அதன் கடினத் துகள்கள் கார்பைடு முனையை அரித்துத் தேய்க்கின்றன. வைரமுனை அத்தேய்மானத்தைத் தாங்குவதோடு, அலுமினியம் முனையில் ஒட்டிக்கொள்வதையும் குறைக்கிறது. மோட்டார் கூட்டில் இதன் பயன் தெளிவாகப் புலப்படும். மோட்டாரின் அசையாப் பகுதியான ஸ்டேட்டரை இறுக்கமாக ஏற்கும் துளையில் அனுமதிக்கப்படும் பிழை சில பத்து மைக்ரான்களே. 220 மி.மீ. விட்டமுள்ள துளை, 10 பாகை செல்சியஸ் சூடேறினாலே ஏறத்தாழ 50 மைக்ரான் விரியும். கூட்டின் சுவரும் மெல்லியது. மழுங்கிய முனை கூட்டைச் சூடேற்றுவதோடு சுவரையும் வளைத்து, வட்டத்தைக் குலைத்துவிடும். ஆகவே கூர்மை நீடிப்பதே இங்கு துல்லியத்தின் அடிப்படை.

விலை அதிகம் என்பது உண்மையான மறுப்பு. சிறு எண்ணிக்கையில் செய்யும் மாதிரிகளுக்குக் கார்பைடே சிக்கனம். தொடர் உற்பத்தியில், கருவி மாற்ற நிறுத்தும் நேரம் குறைவதால் கணக்கு மாறுகிறது. வார்ப்பில் பதித்த எஃகுப் புஷ்களுக்கு மட்டும் இக்கருவி ஆகாது: வெட்டுவெப்பத்தில் வைரத்தின் கார்பன் இரும்பில் கரைந்துவிடும்.