பின்இருக்கையை விழுங்கிய சக்கரங்கள்

நின்ற நிலையிலிருந்து புறப்படும் இரண்டு கார்களில் எது 1,320 அடி நீளமுள்ள நேர்ப்பாதையை, அதாவது கால் மைல் தூரத்தை, முதலில் கடக்கிறது என்று பார்க்கும் டிராக் பந்தயம், இரண்டாம் உலகப் போருக்குப் பின் தெற்குக் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளிலும் விமான ஓடுதளங்களிலும் வேரூன்றி, 1951இல் வாலி பார்க்ஸ் நிறுவிய தேசிய ஹாட் ராட் சங்கத்தின் வழியே விதிகளும் வகுப்புகளும் கொண்ட விளையாட்டாக வளர்ந்தது. இப்பந்தயத்தில் வெற்றியை முடிவு செய்வது எஞ்சினின் வலிமை மட்டுமன்று; அவ்வலிமையைத் தரைக்குக் கடத்தும் பின்டயரின் பிடியும்தான். ஆனால் அக்காலத் தொழிற்சாலைக் காரின் டயர் அப்படிப்பட்ட வேலைக்காக வார்க்கப்பட்டதன்று. 1955ஆம் ஆண்டின் செவ்ரலே காருக்கு வழங்கப்பட்ட டயரின் அளவு 6.70-15, அதாவது அகலம் ஏழு அங்குலத்துக்கும் குறைவு, விளிம்பின் விட்டம் 15 அங்குலம். கூடுதல் வலிமை ஊட்டிய எஞ்சினோடு அதை இணைத்தால் கார் முன்னேறுவதற்கு மாறாக டயர் நின்ற இடத்திலேயே சுழன்று புகை கக்கியது.

இதற்கு முதலில் கண்ட விடை ‘ஸ்லிக்’ எனப்படும் வரிப்பள்ளமற்ற டயர். பழைய டயரின் கூட்டின்மேல் மென்மையான ரப்பரைப் பூசி வார்ப்பதில் தொடங்கிய இத்தொழிலை 1950களில் எம் அண்ட் எச் போன்ற நிறுவனங்கள் தனித் துறையாகவே வளர்த்தன. 1960களின் நடுவில், புறப்படும் கணத்தில் பக்கச் சுவர் சுருங்கி மடிந்து தரையைக் கவ்வும் வகையும் வந்துவிட்டது. ஒவ்வொரு புதிய டயரும் முந்தையதைவிட அகலமாகவும் உயரமாகவும் இருந்தது. கார்களின் அடிப்பகுதியோ மாறவில்லை.

தெருவில் ஓட்டிய இளைஞர்கள் இந்தச் சிக்கலை மேல்நோக்கியும் வெளிநோக்கியும் தீர்க்க முயன்றனர். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அகன்ற டயர் மட்கார்டின் விளிம்புக்குக் கீழே, காரின் உடலுக்கு வெளியே பிதுங்கி நிற்கலாம் என்பது அவர்கள் கணக்கு. ஸ்பிரிங்கைத் தாங்கும் கொக்கித் தகட்டை நீட்டுவதும், காற்றடைத்து உயர்த்தக்கூடிய ஷாக் அப்சார்பரைப் பொருத்துவதும் 1970களில் அமெரிக்க நகரங்களின் இரவுத் தெருக்களில் காணக் கிடைத்த பொதுக் காட்சிகள். பெட்ரோல் நிலையத்தின் காற்றுக்குழாயே போதுமான கருவியாக இருந்ததால் இம்முறை பரவியதில் வியப்பில்லை. ஆயினும் இது மோசமான பொறியியல் என்றே சொல்ல வேண்டும். அதிர்வை அடக்க மட்டுமே வடிவமைக்கப்பட்ட ஷாக் அப்சார்பரின் பிடிமானங்கள் காரின் எடையையும் சுமக்க நேர்ந்து விரிசல் விட்டன. புரொப்பெல்லர் ஷாஃப்டின் சாய்வு கூடி அதன் மூட்டுகள் தேய்ந்தன.

பந்தயத் தரப்பில் விதிகளே வேறு வழிக்குத் தள்ளின. 1970இல் தொடங்கிய புரோ ஸ்டாக் வகுப்பில், கலிபோர்னியாவின் பொமோனாவில் நடந்த முதல் போட்டியை ‘கிரம்பி’ ஜென்கின்ஸ் தமது செவ்ரலே கமாரோ காரில் வென்றார். அவ்வகுப்பின் கார் வெளித்தோற்றத்தில் கடையில் விற்கும் காராகவே இருக்க வேண்டும். மட்கார்டைப் புடைக்கச் செய்ய இடமில்லாதபோது டயர் போகக்கூடிய திசை ஒன்றே: உள்ளே. அங்கே வரிசையாக மூன்று தடைகள் காத்திருந்தன. முதலாவது, டயரைச் சுற்றிக் கவிந்திருக்கும் தகட்டுக் குழி. இரண்டாவது, லாரிகளின் அடியில் காணும் அதே வகையில் எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய பட்டை வில். மூன்றாவது, காரின் பின்பகுதியில் நீளவாக்கில் ஓடும் சட்டம். இவை மூன்றும் விலகினாலும் அச்சின் நீளம் குறையாமல் சக்கரம் உள்ளே வராது.

அச்சைக் குறுக்குவதே இக்கலையின் நுட்பமான பகுதி. அதற்குப் பெரிதும் நாடப்பட்டது 1957 முதல் 1986 வரை ஃபோர்டு நிறுவனம் தயாரித்த ஒன்பது அங்குல அச்சு; அதன் உள்ளிருக்கும் பெரிய பல்சக்கரத்தின் விட்டமே அப்பெயரைத் தந்தது. பல்சக்கரத் தொகுதி முழுவதையும் முன்பக்கமாக ஒரே துண்டாகக் கழற்றி எடுக்க முடிந்ததால், எஞ்சிய வெற்றுக் கூட்டைப் பட்டறை மேசையில் கிடத்தி வேலை செய்யலாம். கூட்டின் இரு முனைகளிலும் பேரிங் அமரும் வளையங்களை அறுத்தெடுத்து, குழாய்களைத் தேவையான அளவுக்குக் குறைத்து, வளையங்களை மீண்டும் பற்றவைப்பர். சொல்வதற்கு எளிது; ஆனால் வெல்டிங்கின் சூடு குழாயை எந்தப் பக்கம் இழுக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆகவே நடுவிலுள்ள பேரிங் இருக்கைகளின் வழியே நேரான தடித்த எஃகுக் கம்பி ஒன்றைச் செலுத்தி, அதன்மேல் வளையங்களைக் கோத்து, சிறுசிறு துண்டுகளாக, எதிரெதிர்ப் பக்கங்களில் மாறிமாறிப் பற்றவைத்து, கம்பி இறுகாமல் சுழல்கிறதா என்று இடையிடையே பார்த்துக்கொள்வதே வழக்கம். சக்கரத்தைச் சுழற்றும் தண்டுகளிலும் ஒரு வில்லங்கம் உண்டு. முனையில் பல் வெட்டிய பகுதிக்கு அப்பால் பல தண்டுகள் மெலிந்துவிடுவதால், அவற்றைக் குறுக்கி மறுபடி பல் வெட்டப் போதிய தடிமன் எஞ்சாது. புதிய தண்டுகளே செய்விக்க வேண்டியிருந்தது.

அச்சு குறுகியபின் பட்டை வில்லைச் சட்டத்துக்கு நேர்கீழே நகர்த்துவது ஒரு வழி. அதை அடியோடு நீக்கிவிடுவது மற்றொரு வழி. நீக்கிய இடத்தில் ஏணிக் கம்பிகள் வந்தன: அச்சிலிருந்து முன்னோக்கி நீண்டு, குறுக்குச் சட்டத்தில் ஒவ்வொன்றும் ஒரு புள்ளியில் குவிந்து முடியும் இரண்டு முக்கோணங்கள் அவை. நேர்ப்பாதையில் நன்கு உழைத்த இவை, ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும் சாதாரணச் சாலையில் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டன. பக்கத்துக்கு இரண்டாக நான்கு கம்பிகள் தாங்கும் அமைப்பு அதனினும் மேம்பட்டது. மேல்கம்பி, கீழ்கம்பி ஆகியவற்றின் கோடுகளை நீட்டினால் சந்திக்கும் கற்பனைப் புள்ளியை, கம்பி பூட்டும் துளையை மாற்றுவதன் மூலம் நகர்த்தி, புறப்படும்போது டயர் தரையில் எவ்வளவு அழுத்தப்படும் என்பதை ஓட்டுநர் தாமே வகுத்துக்கொள்ள முடிந்தது.

இந்தப் பந்தயக் கட்டமைப்பைத் தெருக் காருக்குக் கொண்டுவந்த மோகத்துக்கு ‘புரோ ஸ்ட்ரீட்’ என்று பெயர். 1970களின் இறுதியில் ஸ்காட் சல்லிவன் உருவாக்கிய, 1967ஆம் ஆண்டின் செவ்ரலே நோவா கார் இதழ்களில் இடம்பெற்று அதற்கு முன்மாதிரியாயிற்று. முன்இருக்கைக்குப் பின்னாலுள்ள சட்டம் முழுவதையும் அறுத்தெறிந்து, செவ்வகக் குழாய்களால் புதிதாகக் கட்டி, 18.5 அங்குல அகலமுள்ள டயர்களை மட்கார்டுக்குள் அடக்கிய கார்கள் 1980களில் கண்காட்சித் திடல்களை நிறைத்தன. பின்இருக்கை இருந்த இடத்தில் இரண்டு பெரிய தகட்டுப் பீப்பாய்கள் நின்றன. பெட்ரோல் தொட்டி டிக்கிக்குள் குடியேறியது. அளவு மிஞ்சியபின் பயன் பின்தங்கிற்று. எஞ்சினுக்குத் தேவையானதைவிட அகன்ற டயர் பிடியைக் கூட்டாமல் எடையையும் உருள்தடையையும் மட்டுமே கூட்டும். அக்கார்களில் பல, டிரெய்லரில் ஏறித் திடலுக்கு வந்து டிரெய்லரிலேயே திரும்பின. பந்தயத் தேவையிலிருந்து பிறந்த ஓர் அறுவை வேலை அலங்காரமாக முடிந்த கதை இது.

1990களுக்குப் பின் வந்த தலைமுறை வளைவுகளில் திரும்பவும் பிரேக் பிடித்து நிற்கவும் வல்ல பழைய கார்களை விரும்பியதால், வெட்டும் அளவு சுருங்கியது. சட்டத்தை அறுத்தெறியாமல் தகட்டுக் குழியை மட்டும் சட்டத்தின் ஓரம் வரை சில அங்குலம் விரிக்கும் ‘மினி டப்’ முறை இப்போது பரவலாக உள்ளது. 1967 முதல் 1969 வரையிலான கமாரோ காரில் இம்முறையால் 335 மில்லிமீட்டர், அதாவது 13 அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட அகலமுள்ள டயர் அடங்குகிறது. பின்இருக்கையும் சிறு திருத்தத்தோடு தன் இடத்திலேயே இருக்கிறது.