ஒலியிழந்த சுற்றுப்பலகை: திருத்துநர் அறிவின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

பரிபாடல் எழுபது என்பது மரபு. சிதைவுற்றவை உட்பட இன்று நமக்குக் கிடைப்பன 22. உ. வே. சாமிநாதையர் 1918ஆம் ஆண்டு அந்நூலைப் பதிப்பித்தபோது, பல பாடல்களோடு இசைவகுத்தோர் பெயரும் பண்ணின் பெயரும் சேர்ந்தே வெளிவந்தன. ஆயின் சொல் எஞ்சியதேயன்றி இசை எஞ்சவில்லை. எழுத்திலே பதியப்பட்டது நிலைக்க, செய்வோர் கைத்திறனில் வாழ்ந்தது மறைந்துபோயிற்று. இந்நியதி பண்டை இலக்கியத்துக்கு மட்டும் உரியதன்று. நம் காலத்து இயந்திரங்களிலும் அது தொழிற்படுவதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1978ஆம் ஆண்டு யப்பானின் தைட்டோ நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ என்னும் நாணய விளையாட்டியந்திரத்தை எடுத்துக்கொள்வோம். பகைவர் தொகை குறையக் குறைய விரைவுபெறும் அதன் நான்கு தாழ்சுரங்கள் உலகறிந்தவை. இவ்வொலிகளை இயந்திரத்தின் நிரல் நேரடியாகப் படைப்பதில்லை. ‘ஒலி எழுக’ என்னும் ஆணையை மட்டுமே அது விடுக்கிறது. ஒலியை உருவாக்குபவை பலகையிற் பற்றவைக்கப்பட்ட தடையிகளும், திருத்துநர் கண்டென்சர் என வழங்கும் கொள்ளளவிகளும், சில ஐசிக்களுமேயாம். 1997இல் வெளிவந்த ‘மேம்’ என்னும் மென்பொருள் பழைய விளையாட்டுகளைக் கணினியில் மீள இயக்கியது. நிரலைப் படியெடுத்தல் இயன்றது. ஆனால் இவ்விளையாட்டின் ஒலிகளுக்கு, அசல் இயந்திரத்திலிருந்து பதிவுசெய்த ஒலித்துண்டுகளையே நெடுங்காலம் நாடவேண்டியிருந்தது. பாடல் கிடைத்தது, பண் கிடைக்கவில்லை என்பதற்கு இது நிகராகும்.

இத்தகைய பலகை ஒலியிழந்தவிடத்துத் திருத்துநர் கையாளும் முறை கூர்ந்து நோக்கற்பாலது. முதலில் அவர் மின்வழங்கலை அளக்கிறார். 1980களின் நடுப்பகுதியில் வழக்குக்கு வந்த ஜம்மா பொதுவரையறைப்படி, கணிப்புச் சிப்புகள் 5 வோல்ற்றிலும் ஒலிவிரியலாக்கி பெரும்பாலும் 12 வோல்ற்றிலும் இயங்குவன. ஆதலால் 12 வோல்ற்று அற்றுப்போயினும் படம் பழுதின்றி ஓடும், ஒலி மட்டும் எழாது. அடுத்து ஸ்பீக்கரையும், துருவேறிய ஒலியளவுக் கட்டுப்படுத்தியையும் சோதிப்பார். பின்னர் விரியலாக்கியிலிருந்து படிப்படியாக ஒலியின் பிறப்பிடம் நோக்கிச் செல்வார். இரைச்சல் மேலிடின், ஆண்டுகள் பலவற்றில் உள்நீர்மம் வற்றிய மின்பகு கொள்ளளவிகள்மீது ஐயம் விழும். எல்லா ஒலியும் அற்றிருப்பின் பழுது பொதுவழியில் உள்ளது. ஓரொலி மட்டும் அற்றிருப்பின் அவ்வொலிக்குரிய கிளையில் உள்ளது. எல்லாப் பிரதிகளுக்கும் பொதுவான பிழையை மூலப்படியிலும், ஒரு பிரதிக்கே உரிய பிழையை அதனை எழுதியவரிடத்தும் தேடும் பதிப்பாசிரியரின் தருக்கமும் இதுவே. ஒன்றை ஆராய்ச்சி என்கிறோம். மற்றதைக் ‘கைவேலை’ என்கிறோம். இப்பாகுபாடு அறிவின் தன்மையால் எழுந்ததன்று; மூளையுழைப்பையும் உடலுழைப்பையும் பிரித்துவைத்த வர்க்க சமுதாயத்தின் விளைவேயாகும்.

இலங்கையில் இவ்வறிவுக்குத் தனியொரு வரலாறுண்டு. 1925 டிசெம்பரில் தொடங்கிய கொழும்பு வானொலியின் முன்னோடிப் பரிசோதனைகள், பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிகளைக்கொண்டு எட்வார்டு ஹார்ப்பர் முதலியோரால் நடத்தப்பட்டன என்பர். பிறர் கழித்ததைக் கொண்டு தமக்கு வேண்டியதை ஆக்கல் தொடக்கத்திலேயே நிகழ்ந்தது. 1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடு, உள்ளதைத் திருத்திப் பேணுவதைத் தேவையாக்கிற்று. 1977இன் திறந்த பொருளாதாரம், பழுதுற்றதை எறிந்து புதியதை வாங்கும் நுகர்வுமுறைக்கு வழிதிறந்தது. 2022ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடியில் இறக்குமதித் தடைகள் திரும்பியபோது, திருத்துநரின் தேவையும் திரும்பிற்று. ஒருகொடவத்தையில் இம்முரண்பாடு கண்கூடு. சுங்கப் பரிசோதனைக்காகக் கொள்கலன்கள் நிற்கும் முற்றமும், இளைஞர் மோட்டார் வாகனத் தொழில் பயிலும் அரச பயிற்சி நிறுவனமும் அங்கு அயலயலாக உள்ளன. ஒன்று பண்டங்களின் வாயில், மற்றது அவற்றைப் பேணும் உழைப்பின் வாயில்.

திருத்துவோரை விலக்கிவைக்க மூலதனம் கையாண்ட வழிகளும் கவனத்துக்குரியன. யப்பானின் கெப்கொம் நிறுவனம் 1993இல் அறிமுகஞ்செய்த சீபீஎஸ்-2 பலகையில், மறைகுறிச் சாவி ஒரு மின்கலத்தின் துணையால் மட்டுமே நினைவில் நின்றது. மின்கலம் தீர்ந்தால், உறுப்பெதுவும் பழுதுறாமலே பலகை செயலிழந்தது. நகலெடுப்பதைத் தடுக்க இட்ட பூட்டு, பணங்கொடுத்து வாங்கியவரின் உடைமையையே அழித்தது. 2007ஆம் ஆண்டளவில் அம்மறைகுறியை விடுவித்தவர்கள் ஊதியம் பெறாத ஆர்வலரேயாவர்.

இயந்திரத்தை உறைந்த கடந்தகால உழைப்பாக மார்க்ஸ் கண்டார். உயிருள்ள உழைப்புத் தீண்டாவிடின் அது துருப்பிடித்த உலோகமே. அத்தீண்டலின் அறிவு நூலேறவில்லை. பட்டறையில் ஒருவர் மற்றொருவருக்குக் காட்டும் செய்கையாகவும், தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் கலந்த தொழிற்சொற்களாகவுமே அது வாழ்கிறது. அவ்வழக்கை அவர்கள் வாயிலாகவே கேட்டுத் தொகுத்தல், சொல்லாய்வாளருக்கும் சமூக வரலாற்றாசிரியருக்கும் ஒருங்கே உரிய பணியாகும். பண்களின் பெயரை மட்டும் பெற்ற தலைமுறையினராகிய நாம், தொழிலின் பெயரை மட்டும் அடுத்த தலைமுறைக்கு விட்டுச்செல்லலாகாது.